செல்லாயிக்குப் போட்ட டிக்

ஜனவரி 18, ஞாயிறு

பனி. வெயில் ஏறும்வரை எதிர் வீடு தெரியவில்லை. பாறைமேல் ஏறி நெட் டிஷ்ஷைத் துடைத்தேன். குரங்கு மறுபடியும் ஒயரை இழுத்திருக்கிறது. டேப் சுற்றிவிட்டு இறங்கும்போது வழுக்கி, முழங்கையில் சிராய்ப்பு.

வாங்க வேண்டியது: டேப், கடுகு, சாக்கு தைக்கிற ஊசி, இவருக்குச் செருப்பு.

நெட் லைனைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சிக்குப் போய்வந்த பாவத்துக்கு ஊருக்கே நான்தான் டவர்க்காரி. படம் நின்றால் டவர்க்காரி. பேங்க் மெசேஜ் வரவில்லையா, டவர்க்காரி. நாளைக்கு மாடு கன்று போடவில்லை என்றாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். மலைமேல் பள்ளத்தில் கிடக்கிற ஊர், எந்த சிம்மும் எடுக்காது. அடிவாரத்திலிருந்து காற்றில் வருகிற ஒரே ஒரு லைன். அதையும் வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுத்தான் ஓட்டுகிறோம். லைனைப் பிரித்துவிடுகிற பெட்டி என் வீட்டில்.

சாயந்திரம் செல்லாயி வந்தாள். கையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. காரியம் இல்லாமல் கிழங்கு வராது.

"அக்கா, கோயமுத்தூர் கடைக்காரம்மா மொளகு காயறத வீடியோவுல பாக்கோணும்ங்கறாங்க. சாயந்திரம் கூப்புடுவாங்களாம். அந்நேரம்தான் ஊரே படம் பாக்குது. என்ற மூஞ்சி கோணலா அப்படியே நின்னு போயிருது."

"நான் என்ன புள்ள பண்ணட்டும்? படம் பாக்காதீங்கன்னு தமுக்கு அடிக்கட்டுமா?"

"என்ற போனுக்கு மட்டும் முன்னால உட முடியாதுங்களாக்கா?"

முடியும். செட்டிங்கில் ஒரு டிக். ஆனால் நெட் வந்த அன்றைக்கே ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தது: யாருக்கும் முன்னே பின்னே கிடையாது. மிளகு காய வைக்கிற பாறையில் எப்படியோ அப்படி. பாறையில் யாரும் இடம் பிடித்து வைக்க முடியாது. ஊர்க்கவுண்டரே நேரம் கழித்து வந்தால் பாயை ஓரத்தில்தான் விரிக்கிறார்.

அவள் புருஷன் சேகர் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை. குடும்பத்தோடு வந்தால் குவார்ட்டர்ஸ் தருகிறேன் என்று பண்ணைக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இந்த வருஷ மிளகு இடையில் ஆள் இல்லாமல் நேராகக் கடைக்குப் போனால் சேகர் இங்கே வந்துவிடுவான். போகாவிட்டால் செல்லாயி அங்கே. கோழிப் பீ நாற்றத்தை நினைத்தாலே அவளுக்குக் குமட்டுகிறதாம்.

டிக் போட்டுவிட்டேன். நல்ல காரியம்தானே.

ஜனவரி 21, புதன்

நல்ல வெயில். காலையிலேயே பாறை நிறைந்துவிட்டது.

செல்லாயி வீடியோ இன்றைக்குக் கண்ணாடி மாதிரி. நான் பக்கத்தில், முகம் தெரியாமல். கடைக்காரம்மா ஒரு கை மிளகை அள்ளிக் காட்டச் சொன்னார். இவள் அள்ளி, ஊதி, உள்ளங்கையில் உருட்டிக் காட்டினாள்.

"காஞ்சது எவ்வளவு இருந்தாலும் எனக்கே வேணும்மா. மாசி பொறக்கட்டும், மொத்தமாப் பார்த்துட்டு வண்டி அனுப்பறேன்" என்றார்.

போனை வைத்ததும் செல்லாயி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மேலெல்லாம் மிளகுத் தூசி. தும்மித் தும்மிச் சிரித்தோம். ரொம்ப நாளாயிற்று அப்படிச் சிரித்து.

குழாயடியில் காதில் விழுந்தது: "செல்லாயி போனு மட்டும் நிக்கறதே இல்லையாமா. டவர்க்காரிக்குக் கெழங்கு போச்சாட்ட இருக்குது."

இவர் கேட்டார், "நெசமா?" என்று. தெரியாது என்றேன். சிரித்தார். பத்திக்கொண்டு வந்தது எனக்கு. இரவு ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன், வேண்டுமென்றே இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

சோளக்காடு சந்தைக்குப் போய்வந்தேன். ஊசி, கடுகு, டேப் ஆயிற்று. செருப்பு இல்லை. இவர் காலுக்கு லாரி டயரைத்தான் வெட்ட வேண்டும்.

சாயந்திரம் கோயில் முன்னால் கூட்டம். குமரேசன் என்று ஒருவர் வந்திருந்தார். அடிவாரத்து மிளகு மண்டி முதலாளியின் ஆள். பைக், கூலிங் கிளாஸ், வாய் நிறைய ஏனுங்க. விஷயம் இது: இனி ஊர் லைனுக்கான மாசப் பணம் மொத்தமும் மண்டியே கட்டும். யாரும் பங்கு தர வேண்டாம். மண்டியின் ஆப்பில் மிளகு விலை தெரியும், அதிலேயே விற்கலாம், படமும் பார்க்கலாம். ஒரே நிபந்தனை. ஆப் முதலில். மற்றதெல்லாம் மிச்சம் இருந்தால்.

எழுந்து சொன்னேன். "அது ஆவாதுங்க. யாருக்கும் முன்னே பின்னே கெடையாதுன்னு இதே எடத்துல பேசியிருக்குதுங்க."

ஊர்க்கவுண்டர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். "செல்லாயிக்குப் பண்ணிக் குடுத்தியே சாமி, அது என்னது?"

திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். என் வாய்க்கு அதெல்லாம் பெரிசில்லை. ஆனால் அவர் திட்டவே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஒரு ஊட்டுக்கு ஆவுமின்னா, ஊருக்கே ஆவறது நல்லதுதானே?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். செல்லாயி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

என் கையாலேயே செட்டிங் மாற்றினேன். குமரேசன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "மத்த டிக்கெல்லாம் எடுத்துருங்கக்கா. நம்ம ஆப்பு மட்டும் இருக்கட்டும்" என்றார். செல்லாயி பெயருக்கு நேரே இருந்ததையும் எடுத்தேன்.

ஜனவரி 29, வியாழன்

குளிர் குறையவில்லை. இவருக்கு இருமல்.

ஊர் முழுக்கச் சந்தோஷம். காளியம்மா வீட்டுக்கும் இன்றைக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தேன். புருஷன் பெஞ்சாதி இரண்டு பேரும் கூலிக்குப் போகிறவர்கள், சொந்தமாக ஒரு மிளகுக் கொடி கிடையாது. பங்கு கட்ட முடியாமல் மழைக்காலத்திலேயே லைனை நிறுத்தியிருந்தோம். காளியம்மா ஆப்பில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டு, "ஓசிதானே டவர்க்காரி? அப்பறமா வந்து காசு கேக்க மாட்டீங்கதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபோது நான்தான் வீம்புக்குப் பேசினேனோ என்றிருந்தது.

சோதித்துப் பார்த்தேன்.
மண்டி ஆப்: தொட்டதும் வருகிறது.
அதில் படம்: தொட்டதும்.
வேறு மண்டி விலை: சுற்றுகிறது.
பேங்க்: சுற்றி முடித்து, மறுபடி முதலிலிருந்து.
பட்டா சைட்: ஊர் எழுமுன் எழுந்தால் உண்டு.
செல்லாயி வீடியோ: குரல் மட்டும், அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

ஓசி என்றதும் யாரும் போனைக் கீழே வைப்பதில்லை. லைன் என்னவோ அதே லைன்தான். ஒரு விரல்கூட அகலமாகவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் ஊர் நர்சம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டார். காளியம்மா புருஷனுக்குக் காலில் கொடுவாள் பட்ட புண். போட்டோ எடுத்துக் கீழே டாக்டருக்கு அனுப்பினால் போகவே இல்லை. நேற்று முழுக்க முயன்றாராம்.

"ஏனுங்க, போன மாசம் வரைக்கும் போச்சு. டாக்டர் பார்த்துட்டு மாத்திரை சொல்லுவாரு, நான் குடுப்பேன், முடிஞ்சுது. இப்ப ஒரு புண்ணுக்கு மனுசன் எழுபது வளைவும் எறங்கோணுமா?"

இறங்கித்தான் போனான். பஸ்ஸில், காலை நீட்டிக்கொண்டு. கூலி போயிற்று. காளியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நெட்டு நல்லாத்தானே ஓடுது, பாருங்க." திரையில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

செல்லாயி சாயந்திரம் பாறை உச்சிக்கே ஏறி நின்று கடைக்காரம்மாவிடம் பேசிப் பார்த்தாள். டிஷ்ஷுக்குப் பக்கத்தில் நின்றால் நன்றாக எடுக்கும் என்று நினைப்பு. அப்படியெல்லாம் இல்லை என்று கீழே இருந்து கத்தினேன். அவள் மிளகுக் கையை உயர்த்திக் காட்டிக்கொண்டே நின்றாள், நின்றுபோன படத்துக்கு. பார்க்கவே சகிக்கவில்லை. உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சோளக்காடு. டீக்கடையில் மலையின் அந்தப் பக்கத்து எடப்புளி நாட்டுக்காரர் ஒருவர், மிளகு விற்றுவிட்டு வந்தவர். பேச்சுவாக்கில் எங்கள் ஊர் விலையைச் சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த வெலைக்கா குடுத்தீங்க? எவனாச்சும் குடுப்பானா? உங்க ஊருல போனு பாக்கற ஆளே இல்லீங்களா?"

போன் பார்க்காத ஆளே இல்லை. அதுதான் கதை. ஆப்பில் விலை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உலகத்திலேயே மிளகு விழுந்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தோம். விழுந்தது எங்கள் ஊரில் மட்டும். மூட்டைக்கு ஒரு ஆட்டுக்குட்டி விலை போயிருக்கிறது. ஊரில் பாதிப் பேர் விற்று முடித்தாயிற்று. நாங்களும்தான்.

பஸ்ஸில் வரும்போது விற்ற மூட்டைகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.

செருப்பு இன்றும் மறந்துவிட்டது.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கூட்டம் போட்டார். டீக்கடையில் கேட்டதை எல்லாம் சொன்னேன். பிறகு:

"வெல கம்மி, படம் ஓசி. ரெண்டும் சரியாப் போச்சு உடு."

"விக்காதவங்களுக்குத்தானே இனிமேலு. வித்தவனுக்கு என்ன?"

காளியம்மா எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை. "உங்களுக்கெல்லாம் மொளகு இருக்குது. வெல ஏறுனாலும் எறங்குனாலும் எனக்கு ஒண்ணுதான். ஊருல எல்லாரு ஊட்டுலயும் இருந்தது எங்க ஊட்டுல இல்ல. இப்பத்தான் வந்துது. அதையும் புடுங்கிக்கோணுமா டவர்க்காரி?"

அவள் புருஷன் கால் புண்ணைப் பற்றிய பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது.

"பறிப்பு முடியட்டும். பங்குனியில பேசிக்கலாம்" என்று ஊர்க்கவுண்டர் எழுந்துவிட்டார். பங்குனியில் பேச மிளகு எங்கே இருக்கும்?

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் தோன்றியது. காளியம்மா பங்கை நாங்கள் எல்லோரும் சேர்ந்து கட்டியிருக்கலாம். மழைக்காலத்திலேயே. ஆளுக்கு ஒரு டீ காசு. ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. லைனை நிறுத்தியவள் நான், எனக்கும்தான் தோன்றவில்லை. கட்டியிருந்தால் குமரேசன் வந்து ஓசி என்று சொன்னபோது காளியம்மா இப்படி வாயைப் பிளந்திருக்க மாட்டாள்.

பெட்டி என் வீட்டில்தான் இருக்கிறது. மண்டி ஆப்பின் டிக்கை எடுக்க ஒரு விரல் போதும். வைத்தேன். ஊர்ப் பேச்சை மீறினவள் என்று பெயர் வருமே என்று பயந்து எடுத்துவிட்டேன். விரலைத்தான், டிக்கை இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

மாசி பிறந்துவிட்டது.

செல்லாயி வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. போனை நீட்டினாள். கடைக்காரம்மாவின் குரல், விடியற்காலையில் எப்படியோ வந்து சேர்ந்தது: "என்னம்மா, எத்தனை தடவை கூப்பிடறது, லைனே கிடைக்கல. மாசி ஆரம்பிச்சாச்சு. நான் வேற இடத்துல பேசி முடிச்சுட்டேன். தப்பா நினைக்காதீங்க."

அவள் மிளகு முழுவதும் நேற்றே மண்டிக்குப் போய்விட்டதாம். சேகர் போனில் கத்தியிருக்கிறான், இன்னும் யாருக்காக வைத்திருக்கிறாய் என்று. ஒரு நாள். ஒரே ஒரு நாள் முன்னால் வந்து என்னிடம் கேட்டிருந்தால் என்று ஆரம்பித்தேன். கேட்டிருந்தால் நான் என்ன கிழித்திருப்பேன்?

"உனக்குன்னுதான் புள்ள அந்த டிக்கே போட்டேன்."

"எனக்குன்னு போட்டதுலதான் எனக்கே இல்லாமப் போச்சு."

"நீதானே கேட்ட?"

"நான்தாங்க்கா கேட்டேன். இல்லேங்கல. எனக்கு மொளகு தெரியும், பெட்டி தெரியாது. அது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? போடி, முடியாதுன்னு அன்னைக்கே தொரத்தி உட்டிருக்கலாமில்ல?"

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் போய்விட்டாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்த வாசம் வந்தும் எழ மனம் வரவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக மண்டி ஆப்பின் டிக்கை எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. இவர் பார்த்தார், காபி போட்டுக் கொடுத்தார்.

செல்லாயியிடம் சொல்ல ஓடினேன். வாசலில் சேகர், பாத்திர மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். இவள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பண்ணைக்குச் சொல்லியாயிற்றாம். கொடிகளை வேறு ஆளுக்குக் குத்தகை பேசி விட்டாயிற்றாம். டிக்கை எடுத்துவிட்டேன் என்றேன். "செரிங்க்கா" என்றாள். அதோடு சரி. ஒரு பக்கம் பிடித்துக்கொடுங்கள் என்று பாயின் முனையை நீட்டினாள், பிடித்துக்கொடுத்தேன்.

சோளக்காடு வரை கூடவே போனேன். ஒரு கூடையில் அவள் வளர்த்த கோழி. கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "கோழிப்பண்ணைக்கே கோழி கொண்டு போறியா தாயி?" என்றார். பஸ்ஸே சிரித்தது. செல்லாயியும் சிரித்தாள், சிரித்து முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் சேகர் சொல்கிறான், பண்ணைக்குள் நாட்டுக்கோழி விடமாட்டார்கள், நோய் வந்துவிடும் என்று. அதை முன்னாலேயே சொல்வதற்கென்ன. கூடையை ஜன்னல் வழியாக என்னிடம் கொடுத்தாள்.

"கூரையில ஏறும். புடிச்சு அடைச்சுருங்க."

"செரி கண்ணு."

"வாரேங்க்கா."

போகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதற்காக வாரேன் என்கிறோம். வரமாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பிப்ரவரி 19, வியாழன்

காலையிலிருந்து தூறல். மாசியில் என்ன தூறல்.

குமரேசன் போன் செய்தார். ஏனுங்க எல்லாம் காணோம். இந்த மாசத்திலிருந்து மண்டி பணம் கட்டாது, அவ்வளவுதான் என்று வைத்துவிட்டார். ஆள் ஆளாக வாசலுக்கு வந்தார்கள். படம் நிற்கிறதாம். திரும்பவும் பங்கு கட்ட வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றேன். ஒருத்தி காறித் துப்பிவிட்டுப் போனாள், என் மேல் இல்லை, வேலி மேல்.

காளியம்மா பங்கை நான் கட்டுகிறேன் என்று சொல்லப் போனேன். கதவைப் பாதி மூடிக்கொண்டு பேசினாள். "ஓசியில குடுத்தவன வெரட்டிட்டு, இப்ப நீங்க குடுக்கறீங்களாக்கும். உங்க பிச்ச எங்களுக்கு வேண்டாம்." அவள் புருஷன் உள்ளே காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தான். கட்டு புதிதாக இருந்தது.

ஊர்க்கவுண்டர் வழியில் நிறுத்தினார். கோபமே இல்லாத மனிதர், அதுதான் கஷ்டம். "செல்லாயிக்குப் போட்டப்பவும் ஊரைக் கேக்கல. இப்ப எடுத்தப்பவும் கேக்கல. நாளைக்கு உனக்கு என்ன தோணுமோன்னு நாங்க எப்படி சாமி தூங்கறது?"

நியாயம். இரண்டு தடவையும் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். பெட்டியை வேறு யாராவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். யார் வைத்துக்கொள்வார்கள் என்று அவரும் யோசித்தார். நானும் யோசித்தேன். மழையில் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

கோழி முட்டையிடவில்லை. இடம் பழகவில்லையாட்டம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வெயில். நர்சம்மா போட்டோ போய்விட்டதாம், டாக்டர் பதிலும் வந்துவிட்டதாம், குரல் மெசேஜ் போட்டிருந்தார். பாதி வீடுகள் பங்கு தந்துவிட்டன. மீதிப் பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவருக்குச் செருப்பு கிடைத்தது, வலது கால் கடிக்கிறதாம்.

செல்லாயி வீடியோவில் கூப்பிட்டாள். தெளிவாகத் தெரிந்தாள், மூக்குத்திகூட. தலையில் துணி கட்டியிருந்தாள். பின்னால் கம்பிக் கூண்டுகள், வரிசை வரிசையாக வெள்ளைக் கோழிகள், ஒரே இரைச்சல். கத்திக் கத்திப் பேசினோம். நாற்றம் பழகிவிட்டதா என்றேன். சோறு தின்னும்போது மட்டும்தான் தெரிகிறது என்றாள்.

"நம்மூரு நெட்டு இப்ப எப்படிங்க்கா?"

"நல்லா வருது கண்ணு. யாருக்கும் நிக்கறதில்ல."

"இங்கயும் சூப்பரா எடுக்குதுங்க்கா, எந்நேரமும். விக்கறதுக்குத்தான் கையில ஒண்ணுமில்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.